பழைய படகுக்குப் புதிய இருதயம்!

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் குளச்சல் கரையில் ஒரு புது மாதிரியான சுறுசுறுப்பைக் காணலாம்.

ஜூன் 1-ந் தேதி முதல் ஜூலை 31-ந் தேதி வரை, 61 நாட்கள், மேற்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. மீன் இனம் பெருகட்டும் என்பதற்காக அரசாங்கம் விதித்திருக்கும் தடை இது.

தடை படகுக்குத்தான். படகுக்காரருக்கு ஓய்வு ஏது? வலையைச் செப்பனிட வேண்டும். உளுத்த பலகையை மாற்ற வேண்டும். வர்ணம் பூச வேண்டும். என்ஜினைப் பிரித்து, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்ட வேண்டும். இத்தனையும் 61 நாட்களுக்குள் முடிய வேண்டும்.

சில படகுகளில் இதை விடப் பெரிய வேலை ஒன்றும் நடக்கும். பழைய என்ஜினையே கழற்றி எடுத்துவிட்டு, வேறு என்ஜினை வைப்பார்கள். சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டு, அரை டன், முக்கால் டன் எடையுள்ள இரும்பு மெல்ல மெல்லப் படகுக்குள் இறங்கும்.

படகு பழையது, இருதயம் புதியது!

பார்ப்பதற்கு இது வெறும் கழற்றிப் பூட்டும் வேலைபோல இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் சேமிப்பும், சில வேளைகளில் வீட்டுப் பெண்களின் நகையும் அந்தச் சங்கிலியில்தான் தொங்குகின்றன. மாற்றம் சரியாக அமைந்தால் படகுக்கு மறுபிறவி. தவறினால் கடன் மேல் கடன். நடுக்கடலில் தவறினாலோ உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் என்ஜின் மாற்றுவதில் என்னதான் சூட்சுமம் இருக்கிறது?

18 நாள் துடித்த இருதயம்

1967-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி உலகமே ஒரு செய்தியைக் கேட்டுத் திகைத்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு, ஒரு மனிதருக்கு வேறொருவரின் இருதயத்தை வைத்தார். உலகத்தில் அதுவே முதல் தடவை.

அந்த நோயாளி 18 நாட்கள் உயிர் வாழ்ந்தார். பிறகு நிமோனியா காய்ச்சலால் இறந்துபோனார். புதிய இருதயம் நன்றாகவே வேலை செய்தது. உடம்பு அதை ஒதுக்கிவிடாமல் இருப்பதற்காகக் கொடுத்த மருந்துகள், நோயை எதிர்க்கும் சக்தியையே குறைத்துவிட்டன. வெளியிலிருந்து வந்த நோயை உடம்பால் தாங்க முடியவில்லை.

என்ஜினுக்கும் இதே கதைதான். நல்ல என்ஜின் கிடைத்துவிட்டால் போதாது. அதைச் சுற்றியுள்ள உடம்பு அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். என்ஜின் ஒன்றை மாற்றினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றையும் மாற்றவோ சரிபார்க்கவோ வேண்டும். இதை உணர்ந்தவர்கள் பிழைத்தார்கள். உணராதவர்கள் நஷ்டப்பட்டார்கள். இதைக் கார்களிலும் காணலாம்; படகுகளிலும் காணலாம்.

அமெரிக்கர்களின் பித்து

அமெரிக்காவில் 'ஹாட் ராட்' என்று ஒரு வகைக் கார் உண்டு. பழைய காரை மலிவாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே வைத்து, அதன் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, சக்தி மிகுந்த என்ஜினை வைத்து ஓட்டுவார்கள். இளைஞர்களுக்கு அதில் ஒரு பித்து.

இந்தப் பித்துக்கு எண்ணெய் ஊற்றியவர் ஹென்றி போர்டு. அவருடைய கம்பெனி 1932-ல் எட்டு சிலிண்டர் கொண்ட 'வி-8' என்ஜினை எல்லாரும் வாங்கக்கூடிய விலையில் கொண்டுவந்தது. அதற்கு முந்திய 'மாடல் ஏ' காரின் சக்தி 40 குதிரைத்திறன். புதிய என்ஜினுக்கோ 65! அடிபட்ட வண்டிகளிலிருந்து இந்த என்ஜினைப் பெயர்த்தெடுத்துப் பழைய வண்டிகளில் வைத்தார்கள். கலிபோர்னியா மாகாணத்தில் மியூராக் என்ற வறண்ட ஏரிப் படுகையில் பந்தயம் விட்டார்கள்.

வண்டி பறந்தது. ஆனால் நிற்க வேண்டுமே!

அந்தக் காலத்துப் போர்டு கார்களில் பிரேக்கை இயக்கியவை இரும்புக் கம்பிகளே. கூடிய வேகத்துக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. 1939-ல்தான் போர்டு கம்பெனி எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்யும் பிரேக்கைத் தன் கார்களில் வைத்தது. உடனே பலர் அந்தப் பிரேக்கையும் தேடிப் பிடித்துப் பழைய வண்டிகளில் பொருத்தினார்கள். பிறகு ரேடியேட்டர், கியர், அச்சு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று.

தெருவில் பந்தயம் விட்டு உயிரிழப்பதைத் தடுக்க, 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு தேசியச் சங்கமே அமைத்தார். பாதுகாப்பு விதிகளோடு, அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்பது அதன் கொள்கை.

சக்தியைக் கூட்டுவது எளிது. அந்தச் சக்தியை அடக்கி ஆளுவதுதான் கடினம் என்பதை அமெரிக்கர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நீண்டகரைப் பாடம்

அதே பாடத்தை நம் கடற்கரையும் படித்திருக்கிறது.

1952-ம் ஆண்டு அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபை, இந்தியா, நார்வே ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கொல்லத்துக்குப் பக்கத்தில் உள்ள நீண்டகரையில், மீனவர்களின் வாழ்வை உயர்த்த ஒரு திட்டம் 1953-ல் தொடங்கியது. 'இந்திய - நார்வே திட்டம்' என்பது அதன் பெயர். அப்போது குளச்சலும் கொல்லமும் திருவாங்கூர்-கொச்சி என்ற ஒரே ராஜ்யத்தில் இருந்தன.

வந்த நிபுணர்கள் முதலில் என்ன நினைத்தார்கள் தெரியுமா? உள்ளூர் வள்ளத்திலேயே ஒரு என்ஜினை வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள். வைத்தும் பார்த்தார்கள். சரிப்படவில்லை.

வள்ளம், துடுப்புக்கும் பாய்க்கும் ஏற்றபடி செய்யப்பட்ட உடம்பு. என்ஜினின் எடையும், ஓயாத அதிர்ச்சியும் அதற்குப் பழக்கமில்லாதவை. ஆகவே என்ஜினுக்கென்றே தனியாகப் படகை வடிவமைக்க வேண்டியதாயிற்று. சிறிய டீசல் என்ஜின் பொருத்திய புதிய படகுகள் அப்படித்தான் பிறந்தன.

1956 நவம்பர் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் குளச்சல் தொகுதியில் வெற்றி பெற்ற திருமதி லூர்தம்மாள் சைமன், காமராஜர் மந்திரி சபையில் மந்திரியானார். மீனவர் சமூகத்தில் பிறந்த இந்தப் பெண்மணியின் பொறுப்பில் மீன் வளமும் இருந்தது. இயந்திரப் படகுகளை மீனவர்களுக்குக் கொடுக்கும் திட்டம் அந்தக் காலத்தில்தான் வேகம் பிடித்தது. நாளடைவில் குளச்சல், மாவட்டத்தின் முக்கியமான விசைப்படகு ஊர்களில் ஒன்றாயிற்று.

அலையைத் தாண்ட வேண்டுமே!

ஆனால் எல்லா மீனவரும் துறைமுகத்தில் கட்டிவைக்கும் பெரிய படகுக்குச் சொந்தக்காரர் அல்ல. மணற்கரையிலிருந்து அலையைக் கிழித்துக்கொண்டு போய், மறுபடி அலையோடு வந்து மணலில் ஏறுபவர்களே அதிகம்.

அவர்களுக்கு வேறு தொல்லை. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறி, கரையேறும்போது மணலில் இடித்து உடைந்துவிடும்.

இதற்கு வழி காண, ஐ.நா. உணவு விவசாய ஸ்தாபனம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய 'வங்காள விரிகுடாத் திட்டம்' முயன்றது. அதில் வேலை பார்த்த நார்வே நாட்டுப் படகு நிபுணர் குல்பிராண்ட்சன் ஓர் யுக்தி செய்தார். என்ஜின், தண்டு, விசிறி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஊஞ்சல் பலகைபோல ஏறி இறங்கும்படி அமைத்தார். கரை நெருங்கும்போது சாய்த்தால் விசிறி மேலே வந்துவிடும். தண்ணீர் புகாமல் ரப்பர் உறை தடுத்துக்கொள்ளும்.

குளச்சலுக்கு அருகேயுள்ள முட்டத்திலும் இதே கவலையோடு படகு கட்டும் முயற்சி நடந்தது. அதில் ஈடுபட்ட பெல்ஜிய நாட்டவர் பியேர் ஜில்லே, 1985-ல் தம் அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதினார். புத்தகத்தின் பெயரே சுவையானது. 'சிறியது கடினமானது' என்பது அதன் பொருள்! சின்னப் படகுதானே என்று நினைத்தால், அதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது.

1980-களில் வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டும் சிறு மோட்டார்கள் பரவின. பெட்ரோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். கரையேறும்போது மோட்டாரைத் தூக்கிவிடலாம். அலைத் தொல்லைக்கு அது ஒரு வழி.

ஆனால் அதிலும் கணக்கு உண்டு. பெரிய மோட்டாராக வாங்கிப் பின்புறத்தில் மாட்டினால், படகின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் தூக்கிக்கொள்ளும். பின்னால் வரும் அலை உள்ளே ஏறும். மோட்டாரைத் தாங்கும் பலகை பலமாக இல்லாவிட்டால் நாளடைவில் பிளந்துவிடும்.

லாரி என்ஜின் கடலுக்கு வந்தால்...

இனிப் பெரிய படகுக்கு வருவோம். லாரிக்கென்று செய்த டீசல் என்ஜினைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் படகில் வைப்பது பல துறைமுகங்களில் உள்ள வழக்கம். விலை மலிவு, உதிரிச் சாமான் எளிதில் கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்குக்கும் பழக்கமானது.

ஆனால் சாலை வேறு, கடல் வேறு.

லாரியில் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்கிறது. படகின் அடித்தட்டில் காற்று ஏது? அங்கே கடல் தண்ணீரைக் கொண்டுதான் சூட்டைத் தணிக்க வேண்டும். கடல் தண்ணீரை நேராக என்ஜினுக்குள் விட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். ஆகவே என்ஜினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும். அந்தத் தண்ணீரை வெளியிலிருந்து கடல் தண்ணீர் குளிர வைக்கும். இரண்டும் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை.

உப்பின் பசிக்கு இரையாக ஒரு துண்டு துத்தநாகத்தை வைப்பதும் உண்டு. இரும்புக்கு முன்னால் துத்தநாகம் கரையும். அது கரைந்ததும் புதிய துண்டு வைக்க வேண்டும். மறந்தால் அடுத்தபடி கரைவது என்ஜின்!

லாரி மேடு ஏறும், பள்ளம் இறங்கும், நிற்கும். என்ஜினுக்கு இடையிடையே இளைப்பாறல் கிடைக்கும். படகு என்ஜினோ மணிக்கணக்கில் ஒரே பாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் லாரியில் காட்டிய முழுச் சக்தியைக் கடலில் எதிர்பார்க்கக் கூடாது. எதிர்பார்த்தால் ஆயுள் குறையும்.

லாரியின் கியர் பெட்டியும் இங்கே உதவாது. படகுக்கு வேண்டியது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதோடு என்ஜினின் வேகத்தைக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கும் அமைப்பு. விசிறி வேறு என்ஜினுக்கு ஏற்றதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். விசிறி பெரிதானால் என்ஜின் திணறிக் கரும்புகை கக்கும். சிறிதானால் என்ஜின் வெறுமனே அலறும், படகு நகராது.

மயிரிழை வேலை

என்ஜினை இறக்கியாயிற்று. இப்போது பொறுமை வேண்டும்.

என்ஜினிலிருந்து வரும் தண்டும், விசிறிக்குப் போகும் தண்டும் இரண்டு வட்டத் தகடுகளில் சந்திக்கின்றன. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் விலகலாம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. 4 அங்குலத் தகடானால், ஆயிரத்தில் 4 பங்கு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் கனம்!

மெல்லிய இரும்பு இழைகளைத் தகடுகளின் இடையே நுழைத்து, மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பக்கமும் அளப்பார்கள். என்ஜினின் காலடியில் சிறு தகடு வைத்துத் தூக்குவார்கள், எடுத்து இறக்குவார்கள். மறுபடி அளப்பார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கரையில் எல்லாம் அச்சாகப் பொருந்தியிருக்கும். தண்ணீரில் இறக்கியதும் விலகிவிடும்! கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும்போது படகின் உடம்பு ஒரு மாதிரி வளைகிறது. தண்ணீரில் மிதக்கும்போது வேறு மாதிரி வளைகிறது. ஆகவே கடைசி அளவைப் படகு மிதக்கும்போதுதான் எடுக்க வேண்டும். சில நாள் ஓடிய பிறகு இன்னொரு முறையும் பார்த்துக்கொள்வது நல்லது.

"நாள் ஆகிவிட்டது, தடைக்காலம் முடியப்போகிறது" என்று அவசரப்பட்டு இதைத் தவிர்த்தால் தண்டு அதிரும், பேரிங் தேயும், தண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் கசியும். தவறு கரையில் நடக்கும். அதன் பலன் கடலில் தெரியும்.

வேகத்துக்கு ஒரு வேலி

"பெரிய என்ஜின் வைத்தால் படகு பறக்கும் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம்.

பறக்காது! தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் கனமான படகுக்கு இயற்கையே ஒரு வேலி போட்டிருக்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் வரும் எண்தான் ஏறக்குறைய அந்தப் படகின் எல்லை வேகம்.

உதாரணமாக, நீளம் 36 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 36-ன் வர்க்கமூலம் 6. அதை 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 8. அதாவது மணிக்கு 8 கடல் மைல். நம் கணக்கில் 15 கிலோமீட்டர். அதற்கு மேல் போக முயன்றால், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏறப் பார்க்கும். சக்தி விரயமாகும், எண்ணெய் எரியும், வேகம் மட்டும் கூடாது.

எண்ணெய்க் கணக்கையும் பாருங்கள். டீசல் என்ஜின் முழுச் சக்தியில் ஓடினால், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குக் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குடிக்கும். 60 குதிரைத்திறன் என்ஜின் மணிக்குச் சுமார் 13 லிட்டர். 120 குதிரைத்திறன் என்றால் 26 லிட்டர். 10 மணி நேரம் ஓடினால் 130 லிட்டர் அதிகம்!

அந்த 130 லிட்டரின் விலைக்கு மேல் மீன் அதிகமாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் மாற்றலாம். கனமான வலையை இழுப்பதற்கு உண்மையாகவே கூடுதல் சக்தி தேவைப்படலாம். வெறும் வேகத்துக்காகவும், பக்கத்துப் படகுக்காரரோடு போட்டிக்காகவும் என்றால் நஷ்டம் நிச்சயம்.

சட்டமும் அயலாரும்

அமெரிக்கர்களின் பித்து நம் ஊரிலும் சிலருக்கு உண்டு. பழைய காரில் வேறு என்ஜின் வைக்க ஆசைப்படுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, வண்டியில் செய்யும் மாற்றத்துக்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். வீட்டு முற்றத்தில் மாற்றலாம். ஆனால் யாருக்கும் சொல்லாமல் தெருவில் ஓட்ட முடியாது.

படகுக்கும் விதி உண்டு. 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குபடுத்தும் சட்டப்படி படகு பதிவாகியிருக்க வேண்டும். என்ஜினை வாங்குவதற்கு முன்பே மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய், இந்தப் படகில் இத்தனை குதிரைத்திறன் வைக்கலாமா என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். வாங்கி வைத்த பிறகு கேட்டு என்ன பயன்?

அந்தச் சட்டம் பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. என்ஜின் படகுகள் கரை ஓரத்திலேயே மடி இழுத்தபோது, கட்டுமரக்காரர்களின் வலைகள் அறுந்தன, மீனும் குறைந்தது. மோதல்கள் மூண்டன. அதனால்தான் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையுள்ள கடலை நாட்டுப் படகுகளுக்கென்று சட்டம் ஒதுக்கியது. ஒரு படகின் என்ஜின், அயலாரின் அடுப்பையும் தொடுகிறது!

வாங்குவதற்கு முன்னால்...

ஆகவே புதிய என்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த பெண்களும் பிள்ளைகளும் கூட இருப்பது நல்லது.

படகின் அடிக்கட்டைகள் இந்த எடையைத் தாங்குமா? கியர் பெட்டி, தண்டு, விசிறி ஆகியவை பொருந்துமா, அவற்றுக்கும் சேர்த்துப் பணம் இருக்கிறதா? சூடு தணிக்க ஏற்பாடு என்ன? ஒரு நாள் எண்ணெய்ச் செலவு எவ்வளவு கூடும்? உதிரிச் சாமான் பக்கத்தில் கிடைக்குமா? பதிவு அலுவலகம் என்ன சொல்கிறது?

இத்தனைக்கும் பதில் கிடைத்த பிறகு வாங்கினால், தூக்கம் கெடாது.

2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியதை மறக்க முடியுமா? கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. எத்தனையோ வீடுகள் இருண்டன. எந்த என்ஜினும் புயலை வெல்லாது. ஆனால் எச்சரிக்கை கிடைத்த நேரத்தில் படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவருவது, ஒழுங்காகப் பூட்டிய என்ஜின்தான். அந்த நேரத்தில் அது நின்றுபோகக் கூடாது.

ஆகஸ்டு பிறந்ததும் குளச்சல் படகுகள் மறுபடி கடலுக்குப் புறப்படும். புது என்ஜினின் ஓசையைக் கேட்டுக் குழந்தைகள் கை தட்டும். அந்த ஓசை போனபடியே திரும்பி வர வேண்டும் என்றால், தடைக்காலத்தின் 61 நாட்களில் ஒரு நாளையாவது அந்த மயிரிழை அளவுக்காக ஒதுக்குங்கள்!